தவிட்டுக்கு வாங்கிய மாமா

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் அகப்பைக் காம்பால் அடி விழும். ஒரே ஒரு பொய்க்கு மட்டும் விலக்கு இருந்தது. நான் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்பே சொல்லப்பட்டு, வீட்டில் எல்லோரும் ஒரே வாயாகக் காப்பாற்றி வந்த பொய் அது. அது பொய் என்று எனக்கு மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மலாயாவில் பெக்கோக்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில்தான் அம்மா பிறந்து வளர்ந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்து, மூன்றும் ஒரு வயது தாண்டாமல் போய்விட்டன. காய்ச்சலாக இருக்கலாம், லயத்துக் கிணற்றுத் தண்ணீராகவும் இருக்கலாம். லயத்தில் அப்படியெல்லாம் யோசிக்க யாருக்கும் பொழுதில்லை. எமன் இந்த வீட்டு ஆண் பிள்ளைகள் மேல் கண் வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். நான்காவதாக மாமா பிறந்தபோது, அந்த மாதம்தான் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருந்த ஒரு பெண்ணின் மடியில் பிள்ளையைப் போட்டார்கள். பிறகு ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து, அவளிடமிருந்து பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆக, பிள்ளை அவளுடையது. கப்பலில் வந்தது. இந்த வீட்டில் பிறக்கவே இல்லை. எமன் வாசலுக்கு வந்தாலும், இது யார் பெற்ற பிள்ளையோ என்று திரும்பிப் போய்விடுவான். அடையாளத்துக்கு வலது மூக்கைக் குத்தி ஒரு கம்பி வளையமும் மாட்டிவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. யாராவது ஒருவரிடம் உண்மையைச் சொன்னாலும் அது எமன் காதுக்குப் போய்விடும். அதனால் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி லயத்துப் பிள்ளைகளின் பெயரைப் பதிய வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். பிறந்த ஊர் நாகப்பட்டினம், வந்தது கப்பலில் என்று அவரும் முத்து முத்தான கையெழுத்தில் ஏட்டில் எழுதிக்கொண்டார். எமன் ஏமாந்தான். மாமா காய்ச்சல் தலைவலி இல்லாமல் வளர்ந்தார்.

பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்விட, அம்மாதான் மாமாவை வளர்த்தாள். தம்பி என்று கூப்பிடுவாள். கூடப்பிறந்தவன் என்று மட்டும் வாய் தவறியும் சொன்னதில்லை. எனக்கு எட்டு வயதானபோது மாமாவுக்கு இருபத்திரண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலைதான், ஆனால் தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். லயத்துக்கு வருகிற கடிதமெல்லாம் அவர் வாயால்தான் பேசும். மனுஷன் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது.

நான் கதை கேட்டால் தன் கதையையே எடுத்துவிடுவார். “என்னோட நெசமான அம்மா நாகப்பட்டணத்துல இருக்கு தாயி. கடலப் பாத்த வீடு. வாசல்ல ரெண்டு தென்ன மரம். ஒண்ணுல ஏறுனா பினாங்கு தெரியும், இன்னொண்ணுல ஏறுனா சிங்கப்பூரு தெரியும்.” சிகாமட்டைத் தாண்டி ஓர் ஊரையும் பார்க்காதவர் அவர். நாகப்பட்டினத்துக் கடல் உப்புக் கரிக்குமா இல்லையா என்பது கூட அவருக்குத் தெரியாது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவும், “ஆமா, கப்பல்ல வந்த பயதானே” என்று ஒத்து ஊதுவாள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். அந்த வருட மழையில் கக்கூஸ் குழி நிரம்பி லயத்துக் கிணற்றில் கலந்துவிட்டது. வரிசையாகக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு குழந்தைகள் செத்தும் போயின. மாமா ஒரு மனு எழுதி எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினார். “கருணை பொருந்திய துரையவர்கள் பாதத்தில் விழுந்து கேட்டுக்கொள்வது” என்று தொடங்கி, புதுக் கிணறு ஒன்று வேண்டும் என்று முடியும் மனு. பதில் இல்லை. அரசாங்க ஆபீசுக்கு இன்னொன்று எழுதினார். அதற்கும் இல்லை. பிறகு ஒரு நாள் விடியலில், பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் பால் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை, ஒரு கல் கூட எறியவில்லை. இதைவிடப் பணிவாக ஒரு கலகத்தை யாரும் நடத்தியிருக்க முடியாது. வெயில் ஏறியதும் எழுந்து வேலைக்கும் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்து மாமாவை ஏற்றிக்கொண்டு போனது. வந்தவர்களில் ஒரு மலாய்க்காரர் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்குத் தின்றவர். என்ன தப்பு செய்தான் என்று அம்மா கேட்டதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத் தெரியாது, மேலிடத்து உத்தரவு என்றார். சிகாமட் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், ஜோகூர் பாருவில் கேட்கச் சொன்னார்கள். ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதமும் போயிற்று. அம்மா சோற்றைக் கட்டிக்கொண்டு ரயிலில் நாலு தடவை போனாள். ஒரே ஒரு தடவைதான் பார்க்க விட்டார்கள்.

“மேனேஜர் பங்களாவுல கோழி திருடுனவனுக்கே கோர்ட்டு வச்சாங்க. என்னா கோழி, சேவலா பொட்டையான்னு கூட கேட்டாங்க” என்று அப்பாவிடம் புலம்பினாள். “என் தம்பி என்னா பண்ணான்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்லையா இந்த ஊருல?” அப்பா பயந்த சுபாவம். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

லயத்து ஆட்களே சேர்ந்து சிகாமட்டில் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். வக்கீலை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய குமாஸ்தாதான் குடையும் கையுமாக வந்து போவார். தொந்தியும் இரக்கமும் உள்ள மனிதர். அவர்தான் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“ஒருத்தன அடைச்சு வச்சா, ஆள ஜட்ஜ் முன்னால கொண்டாந்து நிறுத்து, ஏன் அடைச்சேன்னு சொல்லுன்னு கேக்க வெள்ளக்காரன் சட்டத்துலயே எடம் இருக்கும்மா. அவங்க ஊருல ராசாவே அதுக்குக் கட்டுப்பட்டவரு. இங்க கப்பலேறும்போது அத மட்டும் எடுத்து வைக்க மறந்துட்டாங்க.”

“அப்ப கேக்கவே முடியாதா?” என்றாள் அம்மா.

“நாடு கடத்துற உத்தரவுன்னு ஒண்ணு இருக்கு. அதுல கையெழுத்து விழுந்துட்டா, என்ன செஞ்சான்னு கோர்ட்டு கேக்க முடியாது. யாரு சொன்னாங்கன்னும் கேக்க முடியாது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கலாம். ஆளு எங்க பொறந்தான்? ஜோகூர் மண்ணுல பொறந்தவன வெளிய அனுப்ப அவங்களுக்கு அதிகாரம் இல்ல. அந்த ஒரு சந்து வழியாத்தான் உங்க தம்பிய இழுக்கணும். இங்கதானே பொறந்தாரு? தோட்டத்து ஏட்டுல இருக்கும்ல?”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏட்டில் இருப்பதை அப்பாதான் சொன்னார்; மீதியைத் தானே ஊகித்துக்கொண்ட குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். பிரசவம் பார்த்தவள் செத்துப் பல வருடமாகிவிட்டது. மடியில் வாங்கிய பெண் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள். ஏடு எழுதிய கிராணியும் இல்லை. பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் மீதி இருந்தது அப்போது ஒன்பது வயதுப் பெண்ணாக வெந்நீர் சுமந்த அம்மா ஒருத்திதான். விசாரணைக்கு அதிகாரி வருவார், வாய் விட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சொல்வது அவருக்குச் சுலபம். அம்மாவின் நிலைமையை யோசித்துப் பார்க்கிறேன். அவள் சொன்னால் சர்க்கார் விட்டுவிடும், எமன் பிடித்துக்கொள்வான். சொல்லாவிட்டால் எமன் விட்டுவிடுவான், சர்க்கார் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் அவள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் என்னைக் குளிக்க வைத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னாள். நான் எடுத்ததில் வெள்ளை இருந்தது. அம்மா கோயில் தரையில் விழுந்து அழுதாள்.

“எதுக்கும்மா பூ எடுத்தோம்?” என்று கேட்டேன்.

“பெரியவங்க விசயம். நீ பேசாம வா” என்றாள்.

உண்மையைச் சொல்லலாம் என்ற அம்மன் உத்தரவு அம்மாவின் வாய்க்குத்தான் கிடைத்தது. எட்டு வயதுப் பிள்ளையின் காதில் போடுவானேன் என்று நினைத்திருப்பாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ மாறியிருக்கும்.

விசாரணை தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில், காலை பத்து மணிக்கு நடந்தது. அம்மா அன்றைக்கு வெட்டிய ரப்பர் பாலைப் பொழுதோடு ஊற்றிவிட்டு, வெளுத்த சேலை கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, மெலிந்த மனிதர். பக்கத்தில் ஏட்டை வைத்துக்கொண்டு புதுக் கிராணி. மொழிபெயர்க்க, கோட்டுப் போட்ட யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். அதிகாரி அம்மாவை உட்காரச் சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்களை ஆபீஸ் வராந்தாவில் யாரும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அம்மா சொன்னாள். ஆனால் எப்படிச் சொன்னாள் தெரியுமா? எமன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, அக்கம் பக்கம் பார்த்து, உதட்டுக்குள்ளேயே சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. இரண்டு முறை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு முறையும் குரல் இன்னும் இறங்கிற்று. சத்தியம் இத்தனை திருட்டு முழி முழிக்குமா என்று அதிகாரிக்குத் தோன்றியிருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் ஏட்டைக் காட்டி, இது பொய்யா என்று கேட்டார். அது பிள்ளை பிழைக்கச் சொன்ன பொய் என்றாள் அம்மா.

ஐயா இங்கிலீஷிலிருந்து திருப்பினார்: “கடவுளுக்கே பொய் சொன்ன ஆக்கள், எனக்கு மட்டும் உண்மை சொல்லுவினமோ எண்டு துரை கேக்கிறார்.”

“சாமிக்கு இல்லிங்க ஐயா. எமனுக்குத்தான்” என்றாள் அம்மா.

ஐயா அதை மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து என் முன்னால் குந்தினார். ஒரு வெள்ளைக்காரரின் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் பொய் சொல்லாது என்று அவர்கள் ஊரிலும் ஒரு நம்பிக்கை இருக்கும் போலிருக்கிறது. உன் மாமாவைப் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். மாமா எங்கே பிறந்தவர் என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரிந்தது அபூர்வம். இதற்குத் தெரிந்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்று சொன்னேன். “எங்க மாமா நாகப்பட்டணத்துல பொறந்தவருங்க. கப்பல்ல வந்தாரு. ஒரு மொறம் தவுட்டுக்கு வாங்குனது. அவரு நெசமான அம்மா அங்கதான் இருக்கு.”

ஐயா உடனே திருப்பவில்லை. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். “பிள்ளை, வடிவா யோசிச்சுச் சொல்லு. ஆரோ விளையாட்டுக்குச் சொன்ன கதை எல்லே அது?”

அந்த மனிதர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நானோ என் விடையை அவர் நம்பவில்லை என்று ரோஷப்பட்டேன். “வெளையாட்டு இல்லிங்க. மாமாவே சொன்னாரு. அம்மாவும் சொல்லிருக்கு. கடலப் பாத்த வீடு, வாசல்ல ரெண்டு தென்ன மரம் இருக்கு. மாமா மூக்குல ஓட்ட இருக்கும், வேணும்னா பாருங்க” என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். என் தோளில் இருந்த அம்மாவின் கை ஒரு தடவை இறுகி, பிறகு தளர்ந்தது. தட்டிக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் தெரிந்த கிராணி மட்டும் பக்கத்தில் இல்லாதிருந்தால் ஐயா வேறு எதையாவது சொல்லியிருப்பார் என்று நான் இன்றும் நம்புகிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே சொன்னார். அதிகாரி என் தலையைத் தடவிவிட்டு எழுதிக்கொண்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் கையில் சட்டம் கொடுத்திருந்தது ஒரே கேள்வி; அதை அவர் ஒழுங்காகத்தான் கேட்டார். இரண்டு குழந்தைகள் ஏன் செத்தன, மனுவுக்கு ஏன் பதில் வரவில்லை, வாளியைக் கவிழ்த்து உட்கார்வது எந்த ஊரில் குற்றம் என்று யாரும் கேட்கத் தேவையில்லாதபடி அந்தச் சட்டத்தை எழுதியிருந்தார்கள். அன்றைய விசாரணை முழுவதிலும் கிணறு என்ற சொல் ஒரு தடவை கூட வரவில்லை.

சில வாரங்களில் குமாஸ்தா ஒரு காகிதத்தோடு வந்தார். அம்மாவைத் தனியாக வாழைமரத்துப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார். அந்தக் காகிதத்தை அம்மா பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்குக் கல்யாணமான பிறகு, இங்கிலீஷ் தெரிந்த என் வீட்டுக்காரர்தான் அதைப் படித்துச் சொன்னார். உத்தரவில் தலையிட இடமில்லை, காரணம் இரண்டு. ஒன்று, தோட்டத்து ஏடு. அடுத்தது, குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகச் சொன்ன சாட்சி. படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தி, “அந்தப் பொண்ணு நீயா?” என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

மாமாவை அனுப்பிய நாளை நான் பார்த்தேன். சிகாமட்டிலிருந்து தெற்கே போகிற பகல் ரயிலில் கொண்டுபோகிறார்கள், சிங்கப்பூரில் கப்பல் ஏற்றுவார்கள் என்று குமாஸ்தா சொல்லி அனுப்பியிருந்தார். பெக்கோக்கில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அம்மா ஒரு பொட்டலம் புளிச்சோறு கட்டிக்கொண்டாள். மூன்றாம் வகுப்பு ஜன்னலில் மாமா இருந்தார், இரண்டு பக்கமும் போலீஸ். மெலிந்திருந்தார். விலங்கு போட்ட கையை வெளியே நீட்ட முடியாததால் போலீஸ்காரர் சோற்றை வாங்கி அவர் மடியில் வைத்தார். மாமாதான் வீட்டைப் பற்றி, அப்பாவைப் பற்றி, கிணற்றைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிளாட்பாரத்தில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான். மாமா தன் நிசமான அம்மாவிடம் போகிறார். அதற்கு வழி செய்தவள் நான். அதை அவரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? அம்மாவைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்று சொன்னேன். “மாமா, தொரைகிட்ட நான்தான் சொன்னேன். நீங்க நாகப்பட்டணத்துல பொறந்தவருன்னு. தென்ன மரம் கூட சொன்னேன்.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அது வரைக்கும் தெரியாது என்று இப்போது எனக்குப் புரிகிறது. விசில் ஊதிவிட்டார்கள். மாமா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து என்னிடம் சிரித்தார்.

“நல்லாச் சொன்ன தாயி. வேற யாரு இவ்வளவு தெளிவாச் சொல்லுவா” என்றார். வண்டி நகரும்போது அவசரமாக அம்மாவிடம், “அக்கா, அவள ஒண்ணும் சொல்லாத” என்றார்.

அம்மா சாகிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ரப்பர்க் காட்டு வழியே வீட்டுக்கு நடந்தேன். மாமா எதற்காக அப்படிச் சொல்லிவிட்டுப் போனார் என்று வழியெல்லாம் யோசித்தேன். நான் எதையும் உடைக்கவில்லை, கொட்டவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை தவறாமல் பதில் சொல்லியிருந்தேன். என்னை எதற்கு யாராவது ஏதாவது சொல்லப் போகிறார்கள்?